யார்க்கிலிருந்து எடின்பரோ வரை காரில்: வட பிரிட்டனின் வரலாற்றுத் தலங்களைப் பார்க்க ஒரு வாரத் திட்டம்

இந்தப் பாதையில் வரும் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை தினமும் இரண்டு முறை கடலுக்குள் மூழ்கிவிடும். அதனால் விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே அந்தச் சாலையின் நேர அட்டவணையைப் பாருங்கள். நார்த்தம்பர்லாந்து கவுண்டி கவுன்சில் இணையதளத்தில், எந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை காரில் கடக்கலாம் என்று பல மாதங்களுக்கு முன்பே போட்டுவிடுகிறார்கள். கடல் ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த வாரம் காலை 9 முதல் மாலை 4 வரை திறந்திருக்கும் சாலை, அடுத்த வாரம் ஏறக்குறைய அதே நேரத்தில் தண்ணீருக்கடியில் இருக்கும். தீவு நாளை முதலில் குறித்துக்கொண்டு, மற்ற நாட்களை அதற்கு முன்னும் பின்னும் அடுக்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பக்கத்துக் கடற்கரை ஊரான பாம்பரோவில் அறை போட்டபின் தீவு பகல் முழுக்க மூடியிருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்த முடிவு காரைப் பற்றியது. யார்க்கிலும் எடின்பரோவிலும் கார் வெறும் சுமை. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். யார்க்கை நடந்தே பார்த்துவிட்டு, கிளம்பும் அன்று காலை காரை எடுங்கள். எடின்பரோவில் நுழைந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த ஊரையும் நடந்து பாருங்கள். ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விடுவதற்கு நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்கும். ஆனாலும் நான்கு இரவு பார்க்கிங் செலவையும் ஒரு நாள் வீண் ஓட்டத்தையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் கணக்கு சரியாகவே வரும். துபாய் வழியாக நியூகாசிலில் இறங்குகிறவர்கள் அங்கேயே எடுத்து அங்கேயே விடும்படி ஒரு வட்டமாகவும் போடலாம். இரவெல்லாம் விமானத்தில் வந்த அன்றே ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டாம்.

காரை எடுக்கும்போது

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தை வைத்துப் பிரிட்டனில் 12 மாதம் வரை ஓட்டலாம். விவரங்கள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் சர்வதேச அனுமதிச் சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்கும். முன்பணம் பிடிக்க, ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். மனைவியின் கார்டு, கணவனின் உரிமம் என்று கவுன்டரில் நின்று வாதாடிப் பயனில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் முன்பதிவிலேயே தெளிவாகத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் கிடைக்கும். 12 வயதுக்குக் கீழே, 135 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம்.

விபத்து நடந்தால் நம் கையிலிருந்து போகும் முதல் தொகை பெரும்பாலும் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். டயர், கண்ணாடி, அடிப்பாகம் ஆகியவை பல காப்பீடுகளில் சேராது. இந்தப் பாதையிலோ கல் சுவர் ஓரமாகப் போகும் குறுகிய சாலைகளில் முதலில் அடிபடுவது இடப்பக்க டயர்தான். ஒப்பந்தத்தில் இதை மட்டுமாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வண்டியை வெளியே எடுக்கும் முன் நான்கு சக்கரங்களையும் கூரையையும் சேர்த்து வீடியோ எடுத்துவையுங்கள். சிறிய வண்டியே நல்லது: இரண்டு பெரியவர்கள், இரண்டு நடுத்தரப் பெட்டிகள் என்றால் ஹேட்ச்பேக் தாராளம்.

இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான். சிக்கல் வேறு இடங்களில் வரும். வேகமானி மைலில் இருக்கும். தெருவிளக்கு உள்ள பகுதியில் வேறு பலகை இல்லையென்றால் 30 மைல், அதாவது 48 கி.மீ. வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை வந்தால் பொது வரம்பு தொடங்குகிறது: நடுத்தடுப்பு இல்லாத சாலையில் 60, தடுப்பு உள்ள சாலையிலும் மோட்டார்வேயிலும் 70. அறுபது போகலாம் என்பதற்காக அந்தக் கிராமச் சாலையில் அறுபதில் போகத்தான் வேண்டும் என்றில்லை; உள்ளூர்க்காரர் பின்னால் முட்டினால் ஓரங்கட்டி வழிவிடுங்கள். ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருகிற வண்டிக்கு முன்னுரிமை. நம் ஊர் மாதிரி மூக்கை நுழைத்தால் இங்கே யாரும் நிற்க மாட்டார்கள். கேமராவில் சிக்கினால் நோட்டீஸ் வாடகை நிறுவனத்துக்குப் போகும். அபராதத்தோடு அவர்களின் நிர்வாகக் கட்டணமும் உங்கள் கார்டில் ஏறும். கையில் செல்பேசி பிடித்து ஓட்டினால் 200 பவுண்ட். எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குள் போனால் மது வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு (100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி.க்குப் பதில் 50), ஆகவே ஓட்டுபவர் தொடாமலிருப்பதே எளிது.

பெட்ரோல் குழாயின் கைப்பிடி பச்சை, டீசல் கறுப்பு. நாமே நிரப்பிவிட்டு உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும். பம்பிலேயே கார்டு செருகினால் 100 பவுண்டோ அதற்கு மேலோ தற்காலிகமாகப் பிடித்து வைப்பார்கள், ஃபாரக்ஸ் கார்டில் இருப்பு குறைவாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். மோட்டார்வே ஓரத்தில் விலை அதிகம். ஊருக்குள் சூப்பர்மார்க்கெட் பம்புகள் மலிவு.

இன்னொன்று, ஒரு பவுண்ட் விலையுள்ள விஷயம். ஹெக்ஸம், அனிக், பெரிக் போன்ற நார்த்தம்பர்லாந்து ஊர்களில் பல இடங்களில் பார்க்கிங் இலவசம். ஆனால் வந்து நிறுத்திய நேரத்தைக் காட்டும் நீல நிற அட்டைக் கடிகாரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்க வேண்டும். உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும். இலவசம்தானே என்று அட்டை வைக்காமல் போகிற வெளியூர்க்காரர்களுக்கு அபராதச் சீட்டு தவறாமல் வரும்.

நுழைவுச் சீட்டு

வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும் வரலாற்றுத் தலங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு 9 நாள், 16 நாள் பாஸ் விற்கிறது. யார்க்கின் கிளிஃபர்ட்ஸ் டவர், ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரையொட்டிய தலங்களான செஸ்டர்ஸ், ஹவுஸ்டெட்ஸ், கார்பிரிட்ஜ், பேர்டஸ்வால்ட், பிறகு வார்க்வொர்த், டன்ஸ்டன்பரோ, லிண்டிஸ்ஃபார்ன் மடம் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் நான்கைந்து பார்த்தாலே பாஸ் காசு திரும்பிவிடும். அடங்காதவையும் உண்டு: யார்க் மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயம், விண்டோலாண்டா ரோமானியப் படைவீடு, அனிக், பாம்பரோ கோட்டைகள், நேஷனல் டிரஸ்ட் என்ற வேறோர் அமைப்பு வைத்திருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் கோட்டை. எடின்பரோ கோட்டை ஸ்காட்லாந்தின் தனி அமைப்பின் கீழ் வருகிறது. ஹவுஸ்டெட்ஸ் கார் நிறுத்துமிடம் தேசியப் பூங்காவுக்குச் சொந்தமானது. பாஸ் இருந்தாலும் அங்கே பார்க்கிங் காசு தனியாகக் கட்ட வேண்டும்.

மாதம் என்று பார்த்தால் மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்குள் இருட்டிவிடும், பல தலங்கள் வார இறுதியில் மட்டும் திறக்கும், அனிக் கோட்டை குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். ஆகஸ்டில் எடின்பரோ விழாக்காலம். அறை வாடகையைப் பார்த்தால் மயக்கம் வரும்.

யார்க், டர்ஹம்

யார்க்கை ரோமானியர் கி.பி. 71-இல் நிறுவினார்கள். 306-இல் கான்ஸ்டன்டைன் பேரரசராக அறிவிக்கப்பட்டது இங்கேதான். மின்ஸ்டருக்கு வெளியே அவர் சிலை சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. நகர மதில் மேல் நடப்பது இலவசம், மொத்தம் ஏறக்குறைய 3.4 கி.மீ. முழுதும் நடக்க நேரமில்லையென்றால் ‘பூதம் பார்’ என்ற மதில் வாசலிலிருந்து ‘மங்க் பார்’ வாசல் வரை போதும்; மின்ஸ்டரின் பின்புறம் முழுதும் அந்தத் துண்டிலிருந்துதான் தெரியும். மின்ஸ்டருக்குள் கிழக்குப் பெரிய சாளரம் 1405 முதல் 1408 வரை செய்த கண்ணாடி வேலை. காலை வெயிலில் பாருங்கள், மாலையில் அது மங்கிப்போகும். கிளிஃபர்ட்ஸ் டவர் நிற்கும் மேட்டில் 1190-இல் யார்க்கின் யூதர்கள் கும்பலுக்குப் பயந்து அடைபட்டு மாண்டார்கள். கீழே உள்ள நினைவுக் கல்லைப் பார்க்காமலேயே பலர் மேலே ஏறிவிடுகிறார்கள்.

கார் எடுத்த முதல் நாள் டர்ஹம். யார்க்கிலிருந்து சுமார் 70 மைல், ஒன்றரை மணி நேரம். தேவாலயம் இருக்கும் குன்றின் உச்சிக்குக் காரில் போகாதீர்கள்: அந்தச் சாலைக்கு 2002 முதல் நுழைவுக் கட்டணம் உண்டு, மேலே நிறுத்த இடமும் கிடையாது. ஏ1(எம்) 62-ஆம் சந்திப்புக்குப் பக்கத்தில் பெல்மான்ட் பார்க் அண்ட் ரைடில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள்.

டர்ஹம் தேவாலயத்தை 1093-இல் தொடங்கி நாற்பதே ஆண்டில் கட்டி முடித்தார்கள். உள்ளே நுழைய டிக்கெட் இல்லை, காணிக்கை போடலாம். தடித்த வட்டத் தூண்களில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு செதுக்கு: ஒன்றில் வளைகோடு, ஒன்றில் கட்டம், ஒன்றில் நெளிகோடு. பிறகு தலையை உயர்த்திக் கூரையைப் பாருங்கள். கல் விலா எலும்புகள் குறுக்காக ஓடி எடையைத் தூண்களுக்கு இறக்கும் முறையை இவ்வளவு பெரிய அளவில் முதலில் செய்துபார்த்த கட்டடங்களில் இது ஒன்று. பின்புறம் புனித கத்பர்ட்டின் சமாதி. வைக்கிங்குகளுக்குப் பயந்து லிண்டிஸ்ஃபார்ன் துறவிகள் 875-இல் அவர் உடலைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பல இடம் சுற்றி, 995-இல் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். நாம் போகும் பாதை அதற்கு நேர் எதிர்த்திசை. கோபுரத்துக்கு 325 படி, தனிச் சீட்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

ஹேட்ரியன் சுவர்: இரண்டு இரவு

ஹெக்ஸம் அல்லது ஹால்ட்விசிலில் தங்குங்கள். ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் எல்லைக் காவலுக்குக் கட்டவைத்த சுவர் இது; கி.பி. 122-இல் தொடங்கியது, நீளம் 117 கி.மீ. ஆனால் பார்க்கத் தகுந்த பகுதி நடுவிலுள்ள இருபது மைலுக்குள் அடங்கிவிடும். அதையொட்டிப் போகும் சாலை பி6318. 1745-இல் ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பிய கலகத்தின்போது அரசுப் படை நியூகாசிலிலிருந்து கார்லைலுக்கு நேரே போக முடியாமல் திணறியதால் 1750-களில் போட்ட ராணுவச் சாலை இது. பல மைலுக்குச் சுவரை இடித்துப் பரப்பிய கல்லின் மேலேயே ஓடுகிறது. நேராகத் தெரியும், ஆனால் ஏறி இறங்கும். பள்ளத்துக்குள் இருக்கும் எதிர் வண்டி கண்ணுக்கே தெரியாது. நீண்ட நேர்கோடு என்று நம்பி இங்கே யாரையும் முந்தாதீர்கள். செல்பேசி சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள். கிராமத்து அஞ்சல் குறியீடு பெரிய பரப்பைக் குறிப்பதால், அதைப் போட்டால் சிலசமயம் யாரோ ஒருவரின் பண்ணை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். தலத்தின் பெயரைத் தேடிப் புள்ளி வைப்பதே சரி.

முதல் நாள் கிழக்கிலிருந்து தொடங்கலாம். செஸ்டர்ஸில் நார்த் டைன் ஆற்றங்கரையில் குளியல் கூடத்தின் சுவர்கள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. அங்கிருந்து பத்து மைலில் ஹவுஸ்டெட்ஸ். கார் நிறுத்துமிடத்திலிருந்து கோட்டைக்கு மேட்டில் பத்துப் பதினைந்து நிமிட நடை. மழைக்கோட்டும் தண்ணீரும் கையில் இருக்கட்டும், மேலே ஒதுங்க இடம் குறைவு. கோட்டையின் தென்கிழக்கு மூலையில் படைவீரர்களின் பொதுக் கழிப்பிடம் இருக்கிறது. இரு ஓரமும் ஆழமான கால்வாய், அதன் மேல் மர இருக்கைகள் இருந்திருக்கின்றன. காலடியில் கழுவும் நீர் ஓட ஒரு சிறிய வாய்க்கால். பக்கத்தில் மழைநீர்த் தொட்டி, அதன் கற்பலகைகளை ஈயம் ஊற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஆறே இல்லாத குன்றின் மேல் எண்ணூறு பேர் கொண்ட படை எப்படிச் சமாளித்தது என்று இந்த ஒரு மூலையைப் பார்த்தாலே விளங்கும்.

மறுநாள் விண்டோலாண்டாவுக்கு அரைநாள் கொடுங்கள். இங்கே மண் ஈரமாகவும் காற்றுப் புகாமலும் இருந்ததால் மரம், தோல், துணிகூட மக்கவில்லை. 1973-இல் மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் வெளிவரத் தொடங்கின. பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, சிலவற்றை இங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் அதிகாரியின் மனைவி கி.பி. 100 வாக்கில் தன் பிறந்தநாளுக்குத் தோழியை அழைத்த கடிதம் எல்லோருக்கும் பிடித்தது. நமக்கு இன்னொன்று முக்கியம்: படைவீரர் கணக்கு ஒன்றில் இரண்டு தினாரியத்துக்கு (ரோமானிய வெள்ளிக் காசு) மிளகு என்று எழுதியிருக்கிறது. முசிறியிலும் அதையொட்டிய துறைமுகங்களிலும் கப்பலேறிய மேற்குக்கரை மிளகு, பேரரசின் வடகோடிப் படைவீடு வரை வந்து சேர்ந்திருக்கிறது. கோடையில் அகழாய்வு நடக்கும், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கொஞ்சம் மேற்கே இருக்கும் ரோமன் ஆர்மி மியூசியத்துக்கும் சேர்த்துக் கூட்டுச் சீட்டு உண்டு.

பிற்பகலில் ஸ்டீல் ரிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து சுவரோரமாகக் கிழக்கே நடங்கள். ஹவுஸ்டெட்ஸ் வரை மூன்று மைல், செங்குத்தான கற்படிகளில் ஏறி இறங்கி இரண்டு மணி நேரம் பிடிக்கும். பருவகாலத்தில் மட்டும் ஓடும் ஏடி122 என்ற பேருந்தில் திரும்பலாம். கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பார்த்துவிட்டு நடையைத் தொடங்குங்கள். அவ்வளவு முடியாதென்றால் சிகமோர் கேப் வரை போய்த் திரும்பினாலே போதும். அந்தப் பள்ளத்தில் தனியாக நின்ற மரத்தை 2023 செப்டம்பரில் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அடிமரத்திலிருந்து தளிர்கள் விட்டிருக்கின்றன, வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். மழையில் இந்தக் கற்படி எண்ணெய் தடவியதுபோல வழுக்கும்; பிடிமானம் உள்ள காலணி இல்லாமல் இறங்க வேண்டாம். சுவர் மேல் ஏறி நடக்கக் கூடாது.

சாப்பாட்டு விஷயம்: இந்தப் பக்கம் பப் சமையலறை இரவு எட்டு, எட்டரைக்கே மூடிவிடும். கோடை வெளிச்சத்தை நம்பி ஒன்பது மணிக்குப் போனால் சிப்ஸ் பாக்கெட்தான். காலையில் ஹெக்ஸமில் சாண்ட்விச்சும் பழமும் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையும் தீவும்

சுவரிலிருந்து கடற்கரைக்கு இரண்டு மணி நேரம். ஏ1 சாலை மார்பெத்தைத் தாண்டினால் பல இடங்களில் நடுத்தடுப்பு இல்லாமல் திசைக்கு ஒரே தடம்தான், முன்னால் டிராக்டர் வந்தால் பொறுமைதான். டன்ஸ்டன்பரோவுக்குக் கார் போகாது. கிராஸ்டரில் நிறுத்திவிட்டுக் கடலோரப் புல்வெளியில் ஒன்றேகால் மைல் நடக்க வேண்டும். 1313-இல் தொடங்கிய கோட்டை, இன்று இரட்டைக் கோபுர வாசல்தான் மிச்சம். அனிக், பாம்பரோ இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பாம்பரோவை வெளியிலிருந்து, கடற்கரை மணலில் நின்று பாருங்கள். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி 1894-க்குப் பிறகு ஆர்ம்ஸ்ட்ராங் பிரபு புதுப்பித்தது. காசு கொடுத்து உள்ளே போக அனிக் நல்லது.

இனி தீவு. ஏ1-இல் பீல் என்ற இடத்தில் திரும்ப வேண்டும். பொதுவாக உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து மூன்று மணி நேரம் பின்பு வரை சாலை மூடியிருக்கும். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டு நேரம் குறிக்காதீர்கள், கவுன்சில் அட்டவணைதான் கணக்கு. காற்று பலமாக அடித்தால் தண்ணீர் அட்டவணைக்கு முன்பே வந்துவிடும். அதனால் கடைசி அரைமணி நேரத்தை இல்லாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொள்பவர்கள் எல்லோரும் முட்டாள்கள் அல்ல. தீவுப் பக்கமிருந்து கிளம்பும்போது சாலை காய்ந்து தெரியும். நிலப்பக்கம் பாலத்தருகே தாழ்வான இடத்தில் அதற்குள் நீர் ஏறியிருக்கும். தூரத்திலிருந்து அது ஒரு விரல் ஆழம்போலத்தான் தெரியும். உப்புநீரில் வண்டி நின்றுவிட்டால் அந்த வண்டி போனதுதான், வாடகைக் காப்பீடும் பெரும்பாலும் கைவிரிக்கும். தண்ணீர் சாலையைத் தொட்டுவிட்டதைக் கண்டால் திரும்பிப் போங்கள். நடுவில் மாட்டினால் காரை விட்டுவிட்டுப் பாலத்தருகே கால்கள் மேல் நிற்கும் வெள்ளைக் கூண்டில் ஏறி, 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

தீவில் ஊருக்கு வெளியிலுள்ள பெரிய நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டு நடங்கள். மடம், கோட்டை இரண்டின் திறப்பு நேரமும் ஏற்றத்தைப் பொறுத்து மாறும். 635-இல் அய்டன் என்ற துறவி நிறுவிய மடத்தை 793 ஜூன் 8-இல் வைக்கிங்குகள் தாக்கினார்கள். இப்போது நிற்கும் சிவப்புக் கல் இடிபாடு அதற்குப் பிந்தையது, டர்ஹம் துறவிகள் கட்டியது. தூண்களில் டர்ஹமில் பார்த்த அதே மாதிரிச் செதுக்கு இருக்கும். இங்கே எழுதிய புகழ்பெற்ற சுவிசேஷப் பிரதி லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது, தீவில் தேட வேண்டாம். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி: பகலில் சாலை மூடும் நாளாகப் பார்த்து, மூடுவதற்கு முன் நுழைந்து, அடுத்த முறை திறக்கும் வரை உள்ளேயே இருங்கள். ஒரு நாள் சுற்றுலாப் பேருந்துகள் போய்விட்ட ஐந்து மணி நேரம் தீவு அமைதியாக இருக்கும். டீக்கடைகள் சீக்கிரம் மூடிவிடும் என்பதால் ஃபிளாஸ்க்கை மறக்காதீர்கள்.

எல்லையைத் தாண்டி

பெரிக்கில் ஒரு மணி நேரம் நிறுத்தி மதில் மேல் நடங்கள், இலவசம். பதின்மூன்று முறை கைமாறிய ஊர் என்பார்கள். 1558-இல் தொடங்கிய இந்த மதில் பீரங்கிக்காகக் கட்டியது என்பதால் உயரத்தைவிடப் பருமன் அதிகம், மூலைகள் அம்புமுனை வடிவில் துருத்தி நிற்கும். அங்கிருந்து ஏ1-இல் எடின்பரோ ஒன்றேகால் மணி நேரம். அரைநாள் கையிலிருந்தால் மேற்கே மெல்ரோஸ் வழியாகச் சுற்றலாம். ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் இதயம் புதைத்த மடம் அங்கே இருக்கிறது. கூரையில் பைக் குழல் ஊதும் பன்றிச் சிற்பம் ஒன்று இருக்கிறது, பைனாகுலர் இருந்தால் பிடித்துவிடலாம். பழைய கற்களைச் சோதிப்பதற்காக மடத்தின் சில பகுதிகளை அவ்வப்போது அடைத்துவைப்பார்கள், இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காரை எடின்பரோ விமான நிலையத்தில் விட்டுவிட்டு டிராமில் ஊருக்குள் போவது சிறந்தது. நகர மையம் 2024 ஜூன் முதல் குறைந்த மாசு மண்டலம். வாடகைக்குக் கிடைக்கும் புதிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் தடையில்லை, ஆனால் ஒருவழித் தெருவும் பேருந்துத் தடமும் கேமராவும் சேர்ந்து புதியவர்களைப் படுத்திவிடும். திருப்பும் முன் டாங்கியை நிரப்பி ரசீதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் நிரப்பினால் லிட்டருக்கு அவர்கள் சொன்னதுதான் விலை.

எடின்பரோ கோட்டைக்கு நேரம் குறித்த சீட்டு, கோடையில் பல நாட்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பகல் ஒரு மணி பீரங்கி ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாட்களில் முழங்கும். பன்னிரண்டே முக்காலுக்கே சுவரோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடிய விதிக்கல் இப்போது இந்தக் கோட்டையில் இல்லை. 2024 மார்ச் முதல் பெர்த் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எடின்பரோவிலிருந்து நேரடி ரயிலில் போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம்.